துரும்பு கொடுத்த காலமும் கோர்ட்டு ஆர்டர் கேட்கும் காலமும்

ஜமுனாமரத்தூரில் மாணவர் சந்திப்பு ஒன்று முடிந்து கிளம்பும் நேரம். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை ஒதுக்கமாக வந்து நின்றாள். "அண்ணா, எங்க அக்காவுக்கு நாலு வருசத்துக்கு முன்னாடியே ஊர்ல வச்சு அத்துவிட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கும் சண்டை கிடையாது. அவரும் வேற கட்டிக்கிட்டாரு. இப்ப ரேசன் கார்டுல பேர மாத்தப் போனா கோர்ட்டு ஆர்டர் கொண்டான்னு சொல்றாங்க. கீழ ஒரு வக்கீலக் கேட்டோம். அவர் சொல்ற தொகைக்கு ஆட்டையெல்லாம் வித்தாலும் பத்தாது. ஊரே கூடி முடிச்ச விசயத்துக்கு எதுக்குண்ணா வக்கீலு?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் என்னால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. பேருந்தில் போளூர் இறங்கும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் சட்டக் கல்லூரியிலும் அதைப் படிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மொழியிலிருந்து தொடங்குவோம். 'விவாகரத்து' வடமொழியும் உருதுவும் ஒட்டிய சொல். நம் ஊர்களில் அதற்கு முன்பே 'அத்துவிடுதல்', 'தீர்த்துவிடுதல்' எல்லாம் இருந்தன. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், கள்ளர் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. சாதியார் முன்னிலையில் கணவன் மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணவாழ்க்கை முடிந்தது. 'துரும்பு கொடுத்தல்' என்றால் மணவிலக்குத் தருவது, 'துரும்பு வாங்குதல்' என்றால் அதை ஏற்றுக்கொள்வது. மனு இல்லை, முத்திரைத்தாள் இல்லை. ஒரு துரும்பும் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேரும் போதும்.

இதை ஒரு பெருமையாக நம் சமூகம் நினைத்ததா என்றால் இல்லை. 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்பது இன்றைக்கும் வசைச்சொல்தான். தாலி அறுத்த பெண்ணை மறுபடி கட்டிக்கொடுக்கும் சாதி தாழ்ந்தது, அறுத்தவளை மூலையில் உட்கார வைக்கும் சாதி உயர்ந்தது! மேலே ஏற நினைத்த ஒவ்வொரு சாதியும் முதலில் செய்த வேலை, தன் பெண்களுக்கு இருந்த இந்த வழியை அடைத்ததுதான். சாதி ஏணியின் படிகள் பெண்ணின் உடம்பில் வெட்டப்பட்டவை என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோமே, அதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜவ்வாது மலைக்கு வருவோம். இந்த மலையின் மலையாளி மக்களுக்கு ஓர் ஆதிக்கதை உண்டு. வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றி எழுதிய வெள்ளை அதிகாரி ஸ்டூவர்ட் பதிவு செய்து, தர்ஸ்டன் எடுத்தாண்ட கதை. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். பெண்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று காரியம் செய்துவிடுங்கள் என மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதியில் திரும்பிவிடுகின்றன. ஆண்கள் அக்கரை போய், வேடர்களைக் கொன்று, ஊர் திரும்பினால் மனைவிமார் தாலி அறுத்து விதவைகளாக இருக்கிறார்கள். கருமாதி முடிந்துவிட்டது. ஊர் அவர்களை ஏற்கவில்லை. உயிரோடு நிற்கும் கணவனைவிட, முடிந்துபோன சடங்குக்கு வலு அதிகம். அவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறிவிட்டார்கள் என்று கதை முடிகிறது.

இதை வரலாறு என்று நான் நம்பவில்லை. பழங்குடிகளை எப்படியாவது ஒரு வேளாளர் வேரோடு ஒட்டவைக்கும் கதைகளை எங்கே பார்த்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஆனால் கதைக்குள் இருக்கும் ஒரு விசயம் என்னை விடவில்லை. கீழே சமவெளியில் செய்த சடங்கு, உயிரோடிருந்தவர்களின் திருமணத்தையே முடித்துவிட்டது. இன்று மலையில் ஊர் கூடிச் செய்த தீர்ப்பு, சமவெளி அலுவலகத்தின் மேசையில் செல்லவில்லை. அன்றும் இன்றும் எது செல்லும் என்பதை முடிவு செய்யும் இடம் கீழேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் நீதிமன்றம் வந்தபோது இந்து சட்டம் எது என்று பண்டிதர்களிடம் கேட்டான். அவர்கள் சாஸ்திரத்தைக் காட்டினார்கள். திருமணம் ஒரு புனிதச் சடங்கு, அதை அவிழ்க்க முடியாது என்பது அப்படித்தான் 'இந்து சட்டம்' ஆனது. பெரும்பாலான மக்கள் வாழ்ந்த முறை அதுவல்ல என்பது பண்டிதர்களுக்கும் தெரியும். நல்லவேளையாக, ஒரு சந்து திறந்திருந்தது. 1868இல் இராமநாதபுரம் சமஸ்தான வாரிசு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திர விதியைவிட மேலானது என்று சொன்னது. தோழர்கள் இந்த வாக்கியத்தில் 'நிரூபிக்கப்பட்ட' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பன முறை நிரூபணம் இல்லாமலே சட்டம். நம்முடைய முறை சாட்சி கொண்டுவந்து நிரூபித்தால் மட்டுமே சட்டம். அந்தச் சுமை இன்றுவரை இறங்கவில்லை.

இந்தச் சந்து வழியாகத்தான் 1894இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. செட்டி சாதிப் பிரிவு ஒன்றில், இருவரும் ஒத்துக்கொண்டு, கல்யாணச் செலவை ஒருவர் மற்றவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரிந்து மறுமணம் செய்யலாம் என்ற வழக்கம் இருந்தது. அதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை, அது செல்லும் என்றது நீதிமன்றம். ஆண்டைக் கவனியுங்கள். அதே பிரிட்டிஷ் ஆட்சியில், 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கிறிஸ்தவப் பெண் மணவிலக்குப் பெறக் கணவனின் தகாத உறவை நிரூபித்தால்கூடப் போதாது. கூடவே கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும். சம்மதத்தால் பிரியும் வழி அந்தச் சட்டத்தில் 2001 வரை வரவில்லை. 'நாகரிகமற்ற' சாதிகளிடம் இருந்த பரஸ்பர சம்மத மணவிலக்கு, நாகரிகத்தின் சட்டப் புத்தகத்தில் ஏற நூறாண்டுக்கு மேல் ஆனது.

எல்லா வழக்கத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளவில்லை, அது சரிதான். 1915இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மற்றவரின் சம்மதமே இல்லாமல் சாதி நிர்ணயித்த பணத்தைக் கட்டிவிட்டு உறவை முறித்துக்கொள்ளும் வழக்கம் பொதுநலனுக்கு எதிரானது என்று தள்ளியது. இருவர் சம்மதம் வேறு, ஒருவர் கைகழுவுவது வேறு. இந்தக் கோட்டைப் பின்னால் நாமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949இல் சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு டெல்லியில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகத் தனி ஆளாக வாதாடிக்கொண்டிருந்தார். மணவிலக்கு வந்தால் இந்துக் குடும்பமே சிதறும் என்று கத்தியவர்களுக்கு அவர் சொன்ன பதில்களில் ஒன்று நமக்கு முக்கியம். இந்து சமூகத்தில் மிகப் பெரும்பான்மையினர் சூத்திரர், அவர்களிடம் வழக்கப்படி மணவிலக்கு ஏற்கெனவே இருக்கிறது, சிறுபான்மையின் விதியை ஏன் எல்லோர் மீதும் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியை உதறினார். அதன் துண்டுகளில் ஒன்றுதான் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமாக வந்தது.

அந்தச் சட்டத்தில் இரண்டு சிறிய உட்பிரிவுகள் நம் கதையின் கதாநாயகர்கள். பிரிவு 29(2): வழக்கப்படி மணவிலக்குப் பெறும் உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது. பிரிவு 2(2): மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முதலாவது தலித் மக்களுக்கும் பிற சாதியினருக்கும் பழைய சந்தைத் திறந்தே வைத்தது. இரண்டாவது பழங்குடிகளை அவர்கள் வழக்கத்தோடு வாழவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

1976இல் இந்து திருமணச் சட்டத்தில் 13பி சேர்க்கப்பட்டது. இருவரும் சம்மதித்து மனு போட்டுப் பிரியலாம் என்பதே அது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அதற்கு முன்பே இந்த வழியைத் தந்திருந்தது, பிரிவு 28. பெரிய சீர்திருத்தம் என்று அன்று எழுதினார்கள். துரும்பு கொடுத்துக்கொண்டிருந்த மக்களுக்கு அதில் என்ன புதுமை? நாலு பேர் முன்னால் முடிந்தது இப்போது நீதிபதி முன்னால் முடிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஜவ்வாது மலையின் அக்காவுக்கு 13பியும் இல்லை. ஏனென்றால் 2(2). மலையாளிகள் பட்டியல் பழங்குடி. சட்டம் அவர்களை வெளியே நிறுத்தி, உன் வழக்கப்படி செய் என்கிறது. வழக்கப்படி செய்துவிட்டு வந்தால், ஆர்டர் எங்கே என்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியல் மலையாளி என்ற பெயரைச் சில மாவட்டங்களுக்கு மட்டும் என்று எழுதியிருப்பதால் அவர்கள் பட்டியலில் வரவில்லை, அதற்காக நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். ஒரே பெயர், இரண்டு மலை. அங்கே இந்து திருமணச் சட்டம் பொருந்தும், இங்கே பொருந்தாது.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தில், எந்த முறையில் திருமணம் நடந்தாலும் பதிவு செய்வது கட்டாயம். சேர்ந்ததைப் பதிய அலுவலகம் இருக்கிறது. ஊர் வழக்கப்படி பிரிந்ததைப் பதிய ஒரு பதிவேடு கிடையாது. இந்த ஓட்டையில்தான் நம் மக்கள் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'விவாகரத்துப் பத்திரம்' எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தோழர்களே, அந்தத் தாள் மட்டும் மணவிலக்கு ஆகாது. 2002இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பத்திரம் பதிவு செய்யப்பட்டிருந்தாலும், அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் இருப்பதை வாதத்தில் குறிப்பிட்டு, சாட்சியால் நிரூபிக்க வேண்டும். 2005இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கிலும் இதே கதை. பஞ்சாயத்தில் பிரித்துவிட்டோம் என்றார்கள், வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை, மனைவி சட்டப்படி மனைவியாகவே இருந்தாள்.

நிரூபிக்காத வழக்கம் எந்தப் பக்கமும் வெட்டும். 2001இல் ஓர் ஒராவோன் பெண் தன் கணவன் இரண்டாம் திருமணம் செய்துவிட்டான் என்று வழக்குப் போட்டார். இருவரும் பழங்குடி, இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, இரண்டாம் திருமணம் செல்லாது என்று சொல்லும் சந்தால் வழக்கத்தையும் நீ நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை அனுப்பிவிட்டது.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலையின் ஆண்களும் உண்டு. பிழைக்கப் போன இடத்தில் ஓர் ஆண் செத்தால், நிவாரணப் படிவத்தின் முதல் கேள்வி மனைவி யார் என்பதுதான். நாலு வருடத்துக்கு முன் அத்துவிடப்பட்டவளா, இப்போது கூட வாழ்பவளா? எழவு வீட்டில் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தும் கேள்வி அது.

சரி, வழி என்ன? இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

இந்துவாகச் சட்டம் கணக்கில் வைத்திருக்கும் தலித் தம்பதியர் என்றால் 13பி போதும். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனு. குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுக்கலாம், அது இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம். திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் எதுவாக இருந்தாலும் சரி. மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இதற்கு வக்கீல் கட்டாயமா? இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், பிரிவு 13, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையே அல்ல என்கிறது. நீங்களே நின்று பேசுவதுதான் அந்தச் சட்டம் நினைத்த முறை. நடைமுறையில் கருப்புக் கோட்டு இல்லாமல் உள்ளே போனால் வாசலிலேயே முறைப்பார்கள். பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

ஜவ்வாது மலை மலையாளிக்கு வேறு வழி. அதே குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 7, ஒருவரின் திருமண நிலை என்ன என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போட இடம் தருகிறது. மணவிலக்குக் கொடு என்று கேட்க வேண்டாம். எங்கள் வழக்கப்படி இன்ன தேதியில் மணம் முடிந்துவிட்டது, அதை அறிவியுங்கள் என்று கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுக்கவில்லை என்றால் வழக்கு பெரும்பாலும் சாட்சியத்திலேயே நிற்கும். பழங்குடிகளுக்குச் சட்டம் இல்லை என்று சொல்லி ராஞ்சி குடும்ப நல நீதிமன்றம் ஓர் ஒராவோன் தம்பதியின் மனுவைத் தள்ளியபோது, 2021இல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொகுக்கப்பட்ட சட்டம் இல்லாவிட்டாலும் வழக்கச் சட்டப்படி விசாரிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கையில் கொண்டுபோய் நீட்டலாம்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. தாலி கட்டி, இந்து முறையில் மணம் செய்த பழங்குடிக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு மீனா தம்பதி வழக்கில் சொன்னது. சில வக்கீல்கள் அதைப் பிடித்து 13பி போடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சாதிச் சான்றிதழ் கேட்டு வரும்போது, உன் பண்பாடு பழங்குடிப் பண்பாடுதானா என்று துருவும் அதிகாரிகள் இருக்கும் நாடு இது. நாங்கள் இந்துமயமாகிவிட்டோம் என்று நாமே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பணம் இல்லை என்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உரிமை. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஜீவனாம்சம் வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதித்தரச் சொல்கிறார்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்த இலவச வக்கீலிடம் படித்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் வக்கீல் வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்க் கூட்டத்தை நான் கொண்டாடவில்லை. பரியம் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகத்தில், பிரியும்போது அந்தப் பரியக் கணக்கு பெண் வீட்டுத் தலையில் விழும். கூட்டத்தில் உட்காருவது ஆண்கள். 'அவளுக்கும் சம்மதம்' என்று அப்பா சொன்னால் அது சம்மதம். தங்கையிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: அக்காவை யாராவது கேட்டார்களா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்காதாண்ணா மொதல்ல எந்திரிச்சுப் பேசுச்சு" என்றாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

இளைஞர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. நம் வழக்கங்களை எழுதிவைத்தவர்கள் இதுவரை ஸ்டூவர்ட்டும் தர்ஸ்டனும்தான். புதூர்நாடு, நெல்லிவாசல், வீரப்பனூர், கோவிலூர் என்று ஊர் ஊராகப் போய், எந்த ஆண்டில் யார் முன்னிலையில் எப்படிப் பிரித்தார்கள், பரியம் என்ன ஆனது, பிள்ளைகள் யாரிடம் வளர்ந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். நீதிமன்றம் கேட்கும் 'நிரூபணம்' அதுதான். எழுபது வயதுக்காரர் ஒருவர் போனால் ஒரு சாட்சி போகிறது. 2024 தொடக்கத்தில், குழந்தை பெற்ற இரண்டே நாளில் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான ஸ்ரீபதி, ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண். மலையின் வழக்கம் எதுவென்று தெரிந்தவர்கள் இனி மேசைக்கு அந்தப் பக்கமும் இருப்பார்கள்.

சென்ற வாரம் அந்தத் தங்கை போன் செய்தாள். கூட்டத்தில் இருந்த ஐந்து பெரியவர்களில் மூன்று பேர் சாட்சி சொல்ல வருகிறார்களாம். மூவரில் ஒருவர் பெண், அக்காவின் முன்னாள் மாமியார். தேதிதான் யாருக்கும் சரியாக நினைவில்லை. சாமை அறுவடைக்கு முன்பா பின்பா என்று வீட்டில் சண்டை நடக்கிறது.